நூற்றெட்டுக் கரணங்களும் இர்ஃபான்வியூவும்

நூற்றுக்கணக்கான படங்களின் அளவை ஒரே மூச்சில் குறைக்கவும் பெயரை மாற்றவும் விண்டோஸ் கணினிகளில் நெடுங்காலமாகக் கைகொடுப்பது இர்ஃபான்வியூ. இர்ஃபான் ஸ்கில்ஜான் 1996-ல் வெளியிட்ட இந்தச் சிறிய மென்பொருள், சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். ஸ்டுடியோக்கள் கட்டணம் செலுத்த வேண்டும். அதன் திறனையும் எல்லையையும் காட்டச் சிதம்பரம் நடராஜர் கோயிலின் கரணச் சிற்பங்கள் நல்ல உரைகல். பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நடன அசைவுகளான கரணங்கள் 108. கோயிலின் நான்கு கோபுர வாயில்களிலும் அவை செதுக்கப்பட்டிருப்பதால், சிற்பத்துக்கு ஒரு படம் என்றாலே நானூறைத் தாண்டும்.

கேமரா வைக்கும் பெயர் எதற்கும் உதவாது. நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட அந்தப் பெயர் 9999-க்குப் பிறகு மீண்டும் 0001-க்குத் திரும்பிவிடும். பழைய படங்களோடு ஒரே ஃபோல்டரில் சேர்த்தால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் மோதும். ஆகவே பெயர் மாற்றுவதே முதல் வேலை; அளவு அடுத்ததுதான்.

இர்ஃபான்வியூவைத் திறந்து விசைப்பலகையில் 'பி' (B) எழுத்தைத் தட்டினால் இரண்டு வேலைக்கும் ஒரே சாளரம் வரும். பெயர் வார்ப்பில் கோபுரத்தின் திசையை எழுதி, பின்னால் ### என்று மூன்று குறிகள் இட்டால் 001 முதல் வரிசையாக எண் ஏறும். மூன்று இலக்கம் கட்டாயம். வெறும் 1, 2 என்று விட்டால், எழுத்து வரிசைப்படி அடுக்கும் மென்பொருள்களில் 1, 10, 100, 101 என்று வந்து, இரண்டாம் படம் வெகு தொலைவில் போய் நிற்கும்.

அளவு குறைக்கும் பகுதியில்தான் பலருக்கும் சறுக்கல் நேர்கிறது. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 பிக்சல். இணையப் பக்கத்துக்கு 1600 × 1067 தாராளம். மொத்தப் பிக்சல் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் 'அகலம் 1600' என்று கொடுத்தால், நிற்கும் வாக்கில் எடுத்த சிற்பப் படங்கள் 1600 × 2400 ஆகிக் கிடைமட்டப் படங்களைவிட இருமடங்குக்கு மேல் பெரிதாக வரும். 'நீண்ட பக்கம்' என்ற தேர்வே சரி. விகிதம் காக்கும் தேர்வும், சிறிய படங்களைப் பெரிதாக்காதே என்ற தேர்வும் கூடவே இருக்க வேண்டும். ஜேபெக் தரம் 85 அளவில் இருந்தால் கருங்கல்லின் பொரிவும் உளியின் தடமும் கண்ணுக்குத் தெரியும். மிகவும் இறக்கினால் விரல்களின் முத்திரை மழுங்கும். கரணப் படத்தில் அது பெரிய இழப்பு.

ஜேபெக் படத்தைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். எனவே மூலப்படங்கள் ஒரு ஃபோல்டரிலும் சிறுத்தவை வேறொன்றிலும் இருக்க வேண்டும். இதே சாளரத்தில், இருக்கும் ஃபைலின் மேலேயே எழுதவும், மாற்றிய பின் மூலத்தை அழிக்கவும் தேர்வுகள் உண்டு. ஒரு சொடுக்கில் முழுத் தொகுப்பையும் அழிக்கக்கூடிய வசதி இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வடிவமைப்பின் குறை. பெயர் மாற்றத்தை முன்கூட்டியே காட்டும் சோதனைப் பொத்தான் இருப்பது ஓரளவு ஆறுதல்.

உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. மென்பொருளுக்குத் தெரிந்தது பட்டியலின் வரிசை மட்டுமே. தஞ்சைப் பெரிய கோயிலில் செதுக்கி முடிந்த 81 கரணங்களும் நூல் வரிசைப்படி சுற்றி வருகின்றன. வரிசை தவறாமல் எடுத்தால் தானியங்கி எண்ணே கரண எண். சிதம்பரத்தில் வாயிலின் இருபுறமும் மேலும் கீழுமாக அடுக்கிய கட்டங்களை, எடுப்பவர் வசதிப்படி எடுப்பதால் எடுத்த வரிசை கரண வரிசையாவதில்லை. 1-ஆம் கரணமான தலபுஷ்பபுடத்தையும் 108-ஆம் கரணமான கங்காவதரணத்தையும் அடையாளம் காண்பது நாட்டியம் அறிந்தவரின் வேலை. அவர் எக்செல் தாளில் பழைய பெயர், புதிய பெயர் என இரண்டு பத்தி எழுதித் தந்தால், அந்த இணைகளை அப்படியே வாங்கி மாற்ற பல்க் ரீநேம் யூட்டிலிட்டி இருக்கிறது. இந்த இடத்தில் இர்ஃபான்வியூவைவிட அதுவே மேல்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், கணினிக்குள் தடையில்லை. இணைய முகவரியில் மட்டும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும்; 'நடராஜர்' 63 எழுத்தாகும். இணையத்துக்கான படங்களுக்கு ஆங்கில எழுத்துப் பெயரும், படத்தின் கீழே தமிழ் விளக்கமும் ஏற்றவை.

மேக், லினக்ஸ் கணினிகளுக்கு இர்ஃபான்வியூ இல்லை; எக்ஸ்என்கன்வெர்ட் அந்த இடத்தை நிரப்புகிறது. கட்டளை வரி பழகியவர்களுக்கு இமேஜ்மேஜிக் உண்டு. அதன் மாக்ரிஃபை கட்டளை வழக்கமாக மூலப்படத்தின் மேலேயே எழுதுவதால், நகல் ஃபோல்டரில்தான் அதை ஓட்ட வேண்டும்.