இடைநிலைப்பள்ளியின் தரம்: எதைக்கொண்டு அளப்பது?

ஆறாம் ஆண்டை முடித்துத் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளையின் பெற்றோர் தலைமையாசிரியரிடம் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. “சார், எந்த இடைநிலைப்பள்ளி நல்ல பள்ளி? எங்கே சேர்க்கலாம்?” என்பதே அது. கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வாழும் பெற்றோர்க்கு இது தெரிவு செய்வதற்கான வினா. நாலைந்து பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்து, வேண்டுமாயின் வீட்டையே மாற்றிக்கொண்டு, விரும்பிய பள்ளியில் இடம்பிடிக்க அவர்களுள் சிலராலேனும் இயலும். சபாக் பெர்ணம் மாவட்டத்துச் சுங்கை ஆயர் தாவாரிலும், தெற்கே தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், ஜெராம் எனக் கடலோரமாக நீளும் தோட்டப்புறங்களிலும் நிலைமை வேறு. பேருந்து எந்த வழியே செல்கிறதோ அந்த வழியில் உள்ள பள்ளியே பிள்ளைக்குரிய பள்ளி. செம்பனையில் குலை வெட்டும் தந்தைக்கும் தென்னந்தோட்டத்தில் கூலிக்குச் செல்லும் தாய்க்கும் அதற்குமேல் தெரிவு இல்லை.

அப்படியாயின் தரத்தைப் பற்றிய வினா நமக்கு வீண்தானோ எனச் சிலர் ஐயுறலாம். வீண் அன்று. பள்ளி பிடிக்காவிட்டால் நகரத்தார் விலகிச் செல்வர். தோட்டத்தாரோ அங்கேயே இருந்து, கேட்டுப் பெற வேண்டியவர். எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமானால், எதைக்கொண்டு அளப்பது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். இப்போது நம்மிடையே வழங்கிவரும் அளவுகோல்கள் பழுதுடையன என்பதே என் கருத்து.

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாள்களில் இடைநிலைப்பள்ளிகளின் வேலிகளில் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். ஒன்பது ஏ, பத்து ஏ பெற்ற மாணவரின் படங்கள் அவற்றில் ஒளிரும். நம் நாளேடுகளும் அவர்களைப் பாராட்டி எழுதும். பாராட்டு தக்கதே, உழைத்த பிள்ளையை யார் குறைகூறுவார்? ஆனால் அப்பதாகை ஒரு மாணவனைப் பற்றிய செய்தியேயன்றிப் பள்ளியைப் பற்றிய செய்தி அன்று. பல நூறு பேர் பயிலும் பள்ளியில் ஐவர் சிறந்து விளங்கினர் என்பதிலிருந்து, எஞ்சியோர்க்கு என்ன நேர்ந்தது என அறிய வழியில்லை.

பதாகையைவிட நம்பத்தக்கது தேர்ச்சி விழுக்காடு என்பர். அதிலும் ஒரு கண்கட்டு உண்டு. விளக்கத்திற்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியின் முதற்படிவத்தில் 100 பேர் சேர்ந்தனர் எனக் கொள்வோம். இரண்டாம், மூன்றாம் படிவங்களில் 20 பேர் நின்றுவிட்டனர். நான்காம் படிவத்தில் மேலும் 10 பேர். ஐந்தாம் படிவத்தில் தேர்வெழுதியோர் 70 பேர்; தேறியோர் 63 பேர். பள்ளி அறிவிக்கும் தேர்ச்சி 90 விழுக்காடு. அடுத்த ஊர்ப் பள்ளியிலும் 100 பேரே சேர்ந்தனர். அங்கே 95 பேர் தேர்வு மண்டபம் வரை வந்தனர். 76 பேர் தேறினர். அறிவிப்பு 80 விழுக்காடு. நாளேட்டில் முதற்பள்ளி மேலே நிற்கும். இரண்டாம் பள்ளி கீழே நிற்கும். ஆனால் கீழே நிற்கும் பள்ளி 13 பிள்ளைகளைக் கூடுதலாகக் கரைசேர்த்திருக்கிறது. முதற்பள்ளி பொய்யேதும் சொல்லவில்லை. வகுக்கும் எண்ணைத் தனக்கு ஏற்றதாக வைத்துக்கொண்டது, அவ்வளவே.

கல்வித் துறையினர் கையாளும் ‘பள்ளிச் சராசரிக் கிரேடு’ என்னும் அளவையும் இக்குறைக்கு விலக்கு அன்று. ஏ பிளஸ் பெற்றால் 0, ஜி பெற்றால் 9 எனப் புள்ளியிட்டுச் சராசரி காண்பர். எண் குறையக் குறையப் பள்ளி உயர்ந்தது என்பர். நடுத்தர மாணவனையும் கணக்கில் கொள்வதால் பதாகையைவிட இது மேலானதுதான். ஆயினும் பின்தங்கிய மாணவன் ஒருவன் தேர்வுக்கு முன்னரே பள்ளியை விட்டு நீங்கினால், அச்சராசரி மெல்ல அழகு பெறுகிறது என்பதை மறுக்க இயலாது. ஒருவன் தோல்வியால் பள்ளிக்கு நன்மை விளையும் அளவை நேர்மையான அளவையாகுமா?

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதைப் பின்னோக்கிக் காண்பது நன்று. 1964 வரை தொடக்கப்பள்ளியின் இறுதியிலேயே நுழைவுத் தேர்வு என்றொரு சல்லடை இருந்தது. அதில் தேறாத தோட்டத்துப் பிள்ளை பால்வாளியைத் தூக்க வேண்டியதுதான். 1965-இல் அத்தேர்வு நீங்கி, மூன்றாம் படிவம் வரை எல்லாரும் பயிலும் வழி பிறந்தது. அதன்பின் சல்லடை மூன்றாம் படிவத்திற்கு இடம்பெயர்ந்தது. எல்.சி.இ. எனவும், 1978 முதல் எஸ்.ஆர்.பி. எனவும் வழங்கிய தேர்வில் தவறியோர் வெளியேறினர். 1993-இல் பி.எம்.ஆர். வந்தபோதுதான் அத்தடை தளர்ந்தது. 2014-இல் அதன் இடத்திற்கு வந்த பி.டி.3 தேர்வு 2022-இலும், 1988 முதல் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். அதற்கு ஓராண்டு முன்னரும் கைவிடப்பட்டன. ஆக, முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைத்த பிள்ளை எஸ்.பி.எம்.-ஐ எட்டும் வரை, ஊரறியும் பொதுத்தேர்வு எதனையும் காணாத நிலை அப்போது வந்தது.

பழைய சல்லடைகளுக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. அவை கொடியவை, பன்னிரண்டு வயதிலேயே எத்தனையோ பிள்ளைகளின் தலைவிதியை எழுதியவை. ஆயினும் அன்று விழுந்தோர் எத்தனை பேர் என்பது பேரேட்டில் இருந்தது. விடுபட்டோரைப் பற்றி 1973-இலேயே அரசாங்கம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. இன்று பதின்மூன்று, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை அரவமின்றி நிற்கிறான். முதலில் திங்கட்கிழமைகளில் வாரான். பிறகு வாரத்திற்கு இரு நாள் வருவான். பிறகு அவன் இடத்தில் வேறொருவன் அமர்வான்.

பள்ளியைக் குறைகூறுவது எளிது, வீட்டின் நிலை என்ன என்று கேட்போர் உண்டு. அவர்தம் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியலார் ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணவரை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளிகளுக்கிடையிலான வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே கல்விப் பேற்றைப் பெரிதும் தீர்மானிக்கிறது எனக் கூறிற்று. அதைப் படித்துப் பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை எனச் சோர்ந்தோர் பலர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1979-இல், இலண்டனில் மைக்கேல் ரட்டரும் அவர்தம் துணைவரும் எழுதிய ‘பதினைந்தாயிரம் மணி நேரம்’ எனப் பொருள்படும் நூல் இச்சோர்வுக்கு விடை தந்தது. ஐந்து வயது முதல் பள்ளியை விட்டு நீங்கும் வரை ஒரு பிள்ளை வகுப்பறையில் கழிக்கும் காலமே அத்தலைப்பு. இலண்டன் நகரின் உட்பகுதியில் 12 இடைநிலைப்பள்ளிகளை அவர்கள் ஆண்டுக்கணக்கில் கூர்ந்து நோக்கினர். ஒரே வகையான பிள்ளைகளைப் பெற்ற பள்ளிகளுக்கிடையேயும் வருகையிலும், ஒழுக்கத்திலும், தேர்ச்சியிலும் பெரும் வேறுபாடு இருந்தது. அவ்வேறுபாடு கட்டடத்தின் பழமையாலோ பள்ளியின் பருமையாலோ விளைந்ததன்று. பாடம் உரிய நேரத்தில் தொடங்கியதா, வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்டதா, பாராட்டு கிடைத்ததா, மாணவரிடம் பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டனவா என்பவை போன்ற நடைமுறைகளோடு அது தொடர்புற்றிருந்தது. இவற்றுள் எதற்கும் கோடி வெள்ளி வேண்டியதில்லை என்பதை நம் பள்ளி நிருவாகிகள் கருத வேண்டும்.

அந்நூலில் நம்மவர் மிகுதியாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி மற்றொன்று. ஓரளவு திறமுடைய பிள்ளைகளும் கலந்திருக்கும் பள்ளியில் ஏனையோரும் முன்னேறினர். பின்தங்கியோரே திரண்டிருக்கும் பள்ளியில் எல்லாருமே தளர்ந்தனர். இது பள்ளிகளைப் பற்றிய முடிபு. இதனை ஒரே பள்ளிக்குள் வகுப்புகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பேன்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து செல்லும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். மொத்தமே 150 மாணவர்க்குக் குறைந்த சிறிய பள்ளியில், ஏழெட்டுப் பேர் கொண்ட வகுப்பில், ஆசிரியர் தன் பெயரையும் தன் தம்பியின் பெயரையும் அறிந்திருக்கும் சூழலில் அவன் ஆறாண்டு பயின்றான். இப்போது முப்பத்தைந்து நாற்பது பேர் நிறைந்த வகுப்பில் அமர்கிறான். கணிதமும் அறிவியலும் நேற்றுவரை தமிழில் இருந்தன. இன்று மலாய் மொழியில் இருக்கின்றன. ‘பின்னம்’ என்றால் அவனுக்குத் தெரியும்; ‘பெச்சாஹான்’ என்றால் விழிக்கிறான். அவனுக்குத் தெரியாதது கணக்கு அன்று, அதன் பெயர். இதை உணரும் ஆசிரியர் அமைந்தால் மூன்று திங்களில் அவன் நிமிர்ந்துவிடுவான். உணராத பள்ளி முதல் வாரத்துச் சோதனையை வைத்து அவனைக் கடைசி வகுப்பில் இட்டுவிடும். மொழிமாற்றத்திற்கென நெடுங்காலம் இருந்துவந்த புகுமுக வகுப்பு பலர்க்குப் பாலமாக அமைந்தது. கவனிப்பாரற்ற இடங்களில் ஓராண்டுக் காத்திருப்பாகவே கழிந்தது.

ஆதலின் ஓர் இடைநிலைப்பள்ளியை அளக்க விரும்புவோர் அதன் முதல் வகுப்பைப் பார்க்க வேண்டா. கடைசி வகுப்பைப் பார்க்கட்டும். அவ்வகுப்பிற்குக் கணிதம் கற்பிப்பவர் யார்? அத்துறையில் பயிற்சி பெற்றவரா, கால அட்டவணையில் எஞ்சிய பாடவேளைகளை நிரப்ப வந்தவரா? ஆசிரியர் விடுப்பிலிருக்கும் நாளில் மாற்றாசிரியர் வருகிறாரா, அல்லது பிள்ளைகள் திடலில் திரிகின்றனரா? எல்லாவற்றினும் மேலான சான்று ஒன்று உண்டு. அது பிள்ளையின் பயிற்சிப் புத்தகம். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாடங்களுள் இன்றளவும் பொய்க்காதது இது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியின் கடைசி வகுப்பில் பயின்ற எம் பழைய மாணவன் ஒருவனின் கணிதப் புத்தகத்தைப் பார்க்க நேர்ந்தது. முதற்பத்துப் பக்கங்களில் சிவப்பு மை இருந்தது. அடுத்த பத்தில் வெறும் கையொப்பம். அதன்பின் ஆண்டு இறுதி வரை அவன் எழுத்தும் இல்லை, ஆசிரியர் எழுத்தும் இல்லை. அவ்வாண்டு அப்பள்ளியின் வேலியில் பதாகை தொங்கியது.

நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பிரித்தார். பாடம் சொல்லத் தகாதவர் இன்னார் என்றும் பட்டியலிட்டார். தாம் விரும்பியோரைத் தேர்ந்து கற்பித்த ஆசிரியர்க்கு அது பொருந்தும். அரசாங்கப் பள்ளிக்கு அந்த உரிமை இல்லை. இல்லிக்குடமாயினும் நெய்யரியாயினும் வாயிலில் வந்து நிற்கும் பிள்ளையை ஏற்றே ஆக வேண்டும். எனினும் அதே பவணந்தியார் ஆசிரியராகாதவர்க்கு முடத்தெங்கை உவமையாகக் கூறியதைச் சுங்கை ஆயர் தாவார் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வளர்த்தவன் நிலத்தில் நின்றுகொண்டு, வளைந்துபோய் அயலான் நிலத்தில் காய் உதிர்க்கும் தென்னையை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். எல்லார் வரியிலும் நடக்கும் பள்ளி ஒருசிலர்க்கே காய்க்குமாயின் அதற்கும் அப்பெயர் பொருந்தும்.

தமிழ்மொழியைப் பற்றியும் ஒரு சொல். பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால், தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வழிசெய்கிறது. பள்ளி தானே முன்வந்து கொடுக்கட்டும் எனக் காத்திருப்போர் ஏமாறுவர். கேட்கும் கடமை பெற்றோருடையது. கேட்டபின், அப்பாடம் கால அட்டவணைக்குள் வருகிறதா, எல்லாரும் வீடு திரும்பிய பிறகு பசித்த வயிற்றோடு நடக்கிறதா என்பது பள்ளியின் மனப்பான்மையைக் காட்டும். பேருந்தை விட்டால் வேறு வழியில்லாத பிள்ளை மாலைத் தமிழ் வகுப்பில் எத்தனை நாள் இருப்பான்?

பள்ளிகள் தம்மைத் தாமே மதிப்பிடும் தரநிலை ஆவணம் ஒன்றைக் கல்வி அமைச்சு வகுத்துள்ளது. 2017 முதல் அதன் புதிய வடிவம் நடப்பில் உள்ளது. தலைமைத்துவம் முதல் மாணவர் மேம்பாடு வரை ஐந்து தரங்களை அது பேசுகிறது. நன்கு சிந்தித்து அமைத்த கருவி என்பதில் ஐயமில்லை. எனினும் சான்றுக் கோப்புகளை அடுக்கும் வேலையில் கற்பிக்கும் நேரம் கரைகிறது எனும் முணுமுணுப்பை ஆசிரியர் அறைகளில் கேட்காதார் இலர். அதன் புள்ளிகள் தோட்டத்துப் பெற்றோர் கைக்கு வந்து சேர்வதுமில்லை.

இடைநிலைப்பள்ளியை மட்டுமே குற்றக்கூண்டில் ஏற்றுவது முறையன்று. மலாய் மொழியில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க இயலாத பிள்ளையை அனுப்பிவிட்டு, அவனை ஏன் கடைசி வகுப்பில் வைத்தாய் எனக் கேட்கும் தமிழ்ப்பள்ளிக்கு மறுமொழி ஆயத்தமாகவே இருக்கும். நாம் எந்த நிலையில் ஒப்படைத்தோம், அவர்கள் எந்த நிலையில் திருப்பித் தந்தனர் என்னும் இரண்டும் தெரிந்தாலன்றி நியாயமான தீர்ப்பு கிடையாது.

அதற்கு ஓர் ஏடு போதும். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் பிள்ளைகளின் பெயர்களை அதில் எழுதி, வாசிப்பிலும் கணக்கிலும் அன்று அவர்கள் இருந்த நிலையைப் பக்கத்தில் குறித்து வைக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன்னரோ பின்னரோ, வீடுகளில் விசாரித்து எந்தப் படிவம், எந்த வகுப்பு, தமிழ் படிக்கிறானா, வருகை எப்படி எனச் சேர்த்து எழுதட்டும். தோட்டப்பள்ளியில் ஆண்டுக்குப் பத்துப் பெயருக்கு மேல் தேறாது. ஒரு மாலைப்பொழுது வேலை. ஐந்தாண்டில் ஐம்பது பெயர் சேரும். நின்றுபோன பெயர்கள் எந்தப் படிவத்தில், எந்த வகுப்பில் நின்றன என்பது அந்த ஏட்டில் தெரியும். இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு நம்மவர் செல்லும்போது அந்த ஏட்டைக் கையோடு கொண்டு செல்லட்டும்.