சரத்காலத்துத் தூண்டில்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் தமிழ்நாட்டில் வானம் இருண்டு, வடகிழக்குப் பருவமழை ஏரி குளங்களை நிரப்பத் தொடங்குகிறது. அதே நாட்களில் இமயத்தின் மடியிலோ, ஆனி முதல் மலைச்சரிவுகளை நனைத்துக்கொண்டிருந்த மழை அடியோடு ஓய்ந்து, வடமொழிக் கவிகள் சரத் என்று கொண்டாடிய பருவம் உதயமாகிறது. நிர்மலமான ஆகாயம், நாணற்பூ, நிலவு என்று அப்பருவத்துக்கு உரிய சௌந்தரியங்களைக் கவிகள் வகுத்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் வாராத ரசிகன் ஒருவன் உண்டு. அவன் அண்ணாந்து பார்ப்பதில்லை. கரைக்கல்லில் குந்தி, ஆற்றுநீரின் நிறம் நேற்றைக்கு இன்று எவ்வளவு மாறியிருக்கிறது என்று உற்று நோக்கிக்கொண்டிருக்கிறான். தூண்டிற்காரனாகிய அந்த ரசிகனின் பக்கம் நின்று சில வார்த்தை சொல்வதே என் உத்தேசம். தூண்டிற்கலை தன் பூரணத்தை எட்டும் இடம் எது என்று கேட்டால், கங்கை தெளிந்துகொண்டிருக்கும் சில வாரங்களில், இரண்டு நீர்கள் கூடும் ஒரு துறையில், மஹசீர் என்னும் மீனை நாடி நிற்கும் நிலையே என்று தயங்காமல் சொல்வேன்.

தெளிந்த கங்கை என்று சொல்லாமல் தெளிந்துகொண்டிருக்கும் கங்கை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஆற்றின் கலங்கல் இரண்டு வகை. மழை கரைத்துக் கொண்டுவரும் மண் ஒன்று. பனியாறுகள் மலையின் எலும்பையே அரைத்து, மாவாக்கி, உருகிய நீரோடு அனுப்பும் நுண்துகள் மற்றொன்று. புரட்டாசியின் பிற்பகுதியில் மழை நிற்கிறது. நின்ற சில நாட்களில் செந்நிறம் வடிந்துவிடுகிறது. ஆனால் வெண்சாம்பல் நிறமான பனிக்கலங்கல் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. உயரங்களில் இரவுக்குளிர் ஏறி, உருகுதல் குறையக் குறைய, நாளுக்கு ஒரு சாயலாகத்தான் நீர் பச்சை கொள்கிறது. கலங்கல் மிகுந்திருந்தால் மீன் இரையைக் காண்பதில்லை. தெளிவு முற்றிவிட்டாலோ இரைக்குப் பின்னால் உள்ள மோசத்தையும் சேர்த்துக் கண்டுகொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, முழங்கால் ஆழத்துக் கூழாங்கல் மங்கலாகத் தெரிகிற அந்த நிலையே தூண்டிற்காரனின் முகூர்த்தம்.

தேவப்பிரயாகை நமக்கு அந்நியமான ஊர் அன்று. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுவே. அங்கே அளகநந்தையும் பாகீரதியும் கூடி, கங்கை என்ற திருநாமம் பெற்று ரிஷிகேசத்தை நோக்கி இறங்கும் வழியில், வியாசர் தவம் புரிந்ததாக ஐதிகம் வழங்கும் வியாசகாட் என்னும் துறையில், நயார் என்ற சிற்றாறு இடக்கரையில் வந்து கலக்கிறது. தூதாதோலி மலைக்காடுகளில் பிறக்கும் நயாருக்குப் பனியாறு எதுவும் மூலமில்லை. ஊற்றும் மழையுமே அதன் செல்வம். ஆகையால் மழை நின்றதும் கங்கைக்கு முன்பே அது தெளிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் புரண்டோடும்போது பெருநதியின் மஹசீர்கள் இந்தச் சிற்றாற்றுக்குள் ஏறிச் சென்று, சரளைக்கல் படுகைகளில் முட்டையிட்டு, நீர் வற்றுவதற்குமுன் இறங்கி வருகின்றன. தாய்வீட்டில் பிரசவம் முடிந்து புக்ககம் திரும்பும் பெண்ணுக்கு எவ்வளவு பசி இருக்குமோ அவ்வளவு பசியோடு அவை திரும்பும் காலமும், நயார் தெளிந்து கங்கை தெளியாதிருக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டதுதான் அத்துறையின் அதிர்ஷ்டம்.

இரண்டு நீரும் கூடிய மாத்திரத்தில் கலந்துவிடுவதில்லை. பச்சை ஒருபுறமும் சாம்பல் ஒருபுறமுமாக, நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை, சிறிது நெளிந்தும் சிறிது சுழித்தும், கூப்பிடு தூரம் ஓடுகிறது. தெளிநீரோடு அடித்து வரும் குஞ்சுமீன்களும் பூச்சிகளும் அந்த எல்லையில் தடுமாறும். கலங்கலின் திரைக்குள் உடலை மறைத்துக்கொண்டு, தெளிவின் பக்கம் கண்ணை வைத்துப் பெருமீன் காத்திருக்கும். இதை அறிந்தவன் மீனைத் தேடுவதில்லை, அந்த எல்லையைத் தேடுகிறான். அது எங்கே பாறையில் மோதித் திரும்புகிறது, எங்கே மடுவின் வாயில் மடிந்து சுழியாகிறது, எங்கே வேகம் தணிந்து கசத்துக்குள் இறங்குகிறது என்பதையெல்லாம் கோலைத் தொடுமுன்னரே அவன் மனத்தில் எழுதிக்கொள்கிறான். மாலையில் நீரோரத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவான். விடிந்ததும் கல் நீரைவிட்டு விலகி நின்றால் முகம் மலர்வான், மூழ்கியிருந்தால் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்றறிந்து கோலை உறையைவிட்டு எடுக்கவே மாட்டான். சங்கீதத்தில் காலப்பிரமாணம் எத்தகையதோ, இந்த வித்தையில் நீரின் ஏற்ற இறக்கமும் அத்தகையதே.

இனி மீனைப் பற்றிச் சொல்லவேண்டும். கெண்டை இனத்தில் பிறந்தும் அவ்வினத்துக்குரிய சோம்பலை முற்றிலும் துறந்துவிட்ட பிறவி மஹசீர். முதுகு பாசியின் கரும்பச்சை, விலா பொன், துடுப்புகளில் மஞ்சளும் செம்மையும் கலந்த ஒளி. பெரிய மீனின் செதிள் உள்ளங்கையளவு அகன்றிருக்கும். வாயில் ஒரு பல்லும் இல்லை. தடித்த, ரப்பர் போன்று வளையும் உதடுகளால் பாறைப்பாசியை மேய்கிறது, நண்டையும் நத்தையையும் கவ்வுகிறது, கரைமரத்துக் கனி விழுந்தால் அதையும் விடுவதில்லை. பற்களெல்லாம் தொண்டைக்குள் வரிசைகளாக அமைந்து, நத்தையின் ஓட்டை நொறுக்கும் வலிமை கொண்டிருப்பதால், உள்ளே போய்விட்ட தூண்டில்முள் நெளிந்து, நசுங்கி, ஒடிந்து திரும்புவதும் உண்டு. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் இவ்வினத்துக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன். கங்கைத் துறைகளில் யாத்திரிகர் கையால் உணவு பெற்று அது அச்சமின்றிக் கூடுவதையும், அதன் தென்னாட்டு உறவினம் சிருங்கேரியில் துங்கை நதிப் படித்துறையில் பொரியை எதிர்பார்த்து மொய்ப்பதையும் கண்ட ஒருவருக்கு, மக்கள் நடமாட்டமற்ற துறையில் அதே இனம் காட்டும் எச்சரிக்கையும் சீற்றமும் நம்பமுடியாததாகவே தோன்றும்.

சாதனங்கள் எளியவை. ஒன்பது முதல் பன்னிரண்டடி நீளமுள்ள கோல். நூற்றைம்பது கெஜத்துக்குக் குறையாத நரம்பைச் சுற்றிய ரீல். ஸ்பூன் என்று வழங்கும், கரண்டியின் குழிவு கொண்ட உலோகத் தகடு. அதன் வாலில் முக்கவர் முள். தகட்டின் ஒருபுறம் செம்பு, மறுபுறம் வெள்ளிப்பூச்சு. நீரில் இழுக்கையில் சுழன்று மின்னி, அடிபட்ட குஞ்சுமீனை அபிநயிப்பது அதன் தொழில். சாதனம் எளியது, பிரயோகம் அப்படியன்று. தெளிநீர்க் கரையில் நிற்பவன் எல்லைக்கு அப்பால், கலங்கலின் உள்ளே ஸ்பூனை எறிந்து, உடனே இழுக்காமல், ஓட்டம் தானாக அதை வளைத்துக் கொணரும்படி நரம்பை மட்டும் தளராமல் வைத்துக்கொள்வான். கலங்கலிலிருந்து தெளிவுக்குள் அது வெளிப்படும் கணமே கணம். அவசரக்காரன் கை சுழற்றிக்கொண்டேயிருந்து, ஆற்றின் வேலையைத் தானே செய்து கெடுத்துவிடுகிறான். கைதேர்ந்தவனோ ஆற்றையே தன் கையாக்கிக்கொள்கிறான். தூண்டிற்காரரின் தராதரத்தை நான் எடைபோடுவது அவர் பிடித்த மீனை வைத்தன்று, எறிந்தபிறகு அவர் கை எவ்வளவு சும்மா இருக்கிறது என்பதை வைத்துத்தான்.

மஹசீர் தாக்கும்போது சந்தேகத்துக்கு இடமிராது. ஸ்பூனைக் கவ்விய அதே வேகத்தில் திரும்பி, ஓட்டத்தின் திசையிலேயே அது பாயும் முதற்பாய்ச்சலைத்தான் இக்கலையின் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறார்கள். சால்மன் மீனைப்போல் ஆகாயத்தில் துள்ளிக் காட்டும் ஆடம்பரம் இதனிடம் இல்லை; ஆழத்திலேயே, ஒரே மூச்சில், நூறு கெஜ நரம்பையும் பறித்துக்கொண்டு போய்விடும். அந்நேரத்தில் தடுப்பவன் நரம்பை இழப்பான். முற்றிலும் விட்டுக்கொடுப்பவன் மீனை இழப்பான். கோலை உயர்த்திப் பிடித்து, இழுவை தளராமலும் முறியாமலும் காத்து, வழுக்குப் பாறைகளின்மேல் மீனோடு கூடவே ஓடி, அது கசத்தின் அடியில் ஒரு பாறைக்குப் பின்னால் போய்ப் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டால் கீழ்ப்புறமாகச் சென்று கோணத்தை மாற்றி எழுப்பி — இப்படியாக நீளும் அந்தப் போராட்டத்தில், முன்னே சொன்ன நீரறிவு முழுவதும் பரீட்சைக்கு வருகிறது. அடுத்த விரைநீருக்குள் மீன் புகுந்துவிடுவதற்குமுன் அதை எந்த ஒதுக்கத்தில் நிறுத்தவேண்டும் என்பதை, எறிவதற்கு முன்பே தீர்மானித்திருந்தவனுக்கே மீன் கரைக்கு வரும்.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில், அரசர்க்குரிய விநோதங்களைக் கூறும் பகுதியில், மத்ஸ்ய விநோதம் தனியே இடம்பெற்றிருக்கிறது. மீனின் வகையும், இன்ன மீனுக்கு இன்ன இரை என்ற பாகுபாடும், கோலும் கயிறும் அமையவேண்டிய விதமும் அதில் சொல்லப்படுகின்றன. நம் நாட்டு மீன்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா அப்பகுதியை ஆராய்ந்து 1951-இல் வெளியிட்டார். ஆங்கிலேயர் சேர்த்தது கூர்ந்த அவதானிப்பை, மறுப்பதற்கில்லை. சென்னை மாகாண சிவில் உத்தியோகத்திலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’, தம் நாட்டு சால்மனைவிட மஹசீரே உயர்ந்த ஆட்டக்காரன் என்று தீர்ப்பளித்தது. புலிவேட்டைக்குப் பேர்போன ஜிம் கார்பெட்டும் 1944-இல் வெளியான தம் குமாயூன் நூலில், நரபலி கொண்ட புலிகளுக்கு நடுவே ஓர் அத்தியாயத்தை இம்மீனுக்காக ஒதுக்கினார்.

தாமஸ் காலத்தில் மீனின் எடையே பெருமையின் அளவுகோல். காவிரியில் கலக்கும் கபினியில் 1946-இல் மைசூர் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மஹசீர் இன்றைக்கும் அவ்வகையில் பேசப்படுகிறது. இன்று, மஹசீர் அருகிவிட்ட இனம் என்று உலகமே ஒப்புக்கொண்டபின், கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்கு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை எதிர்நோக்கும்படி தாங்கி, அதன் செவுள்கள் சீராக அசைந்தபின் விட்டுவிடுவதே மரியாதையுள்ள தூண்டிற்காரரின் வழக்கம். அவ்வழக்கத்தை நான் போற்றுகிறேன். எனினும் அது ஒன்றே மீனைக் காத்துவிடும் என்று நம்புவதற்கில்லை. அணைகளின் மதகுகள் மின்சாரத் தேவையை ஒட்டித் திறந்து மூடும் ஆறுகளில், நீர் மழையைக் கேட்டு ஏறுவதில்லை, குளிரைக் கேட்டு இறங்குவதில்லை. 260 மீட்டர் உயரமுள்ள தெஹ்ரி அணைக்குக் கீழே பாகீரதி, தன் மண்ணை நீர்த்தேக்கத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, மழைக்காலத்திலும் பச்சையாக வருகிறது. கண்ணுக்கு அது அழகுதான். ஆனால் வெள்ளத்தைக் கொண்டு ஏறவும், வடிவதைக் கொண்டு இறங்கவும் பழகிய மீனுக்கு அந்த ஓயாத தெளிவு ஒன்றையும் சொல்வதில்லை.

பீம்தாலில் உள்ள குளிர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், லோணாவளாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையிலும் மஹசீர்க் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். சிறந்த பணி அது. ஆயினும் குஞ்சைத் தொட்டியில் வளர்க்கலாமே தவிரப் பருவத்தைத் தொட்டியில் வளர்க்க இயலாது. கலங்கித் தெளிகின்ற உரிமை ஆற்றுக்கு இருந்தால்தான் மீனுக்கு வழி தெரியும். மீனுக்கு வழி தெரிந்தால்தான் இக்கலைக்குப் பொருள் உண்டு. ஆகவே மஹசீரின் ரசிகர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர், தாம் விட்டுவிட்ட மீன்களை எண்ணிப் பெருமிதம் கொள்வதோடு நில்லாமல், நயார் போன்ற சிற்றாறுகள் பேரணைகளுக்கு இரையாகாமல் ஓடவேண்டும் என்று வாதாட முன்வரவேண்டும்.