தூக்க மாத்திரையும் ஒரு பதிவேடும்

திருமங்கலத்தில் ஒரு மருந்துக்கடை. எழுபதைத் தாண்டிய பாட்டி சுருக்குப்பையிலிருந்து அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டுகிறார். "தம்பி, இதே நரம்பு மாத்திரைதான்ப்பா." அல்பிரசோலம் என்ற பெயரில் 'சோலம்' மட்டும் மிச்சம். சிவப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கத்தரிக்கோல் கொண்டுபோயிற்று.

2014 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள, சில மருந்துகளின் விற்பனையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லும் அட்டவணை எச்1-இன் தரத்தை எடைபோட இந்தத் துண்டிலிருந்து தொடங்கலாம். 46 மருந்துகளோடு வந்த அந்தப் பட்டியலில் பாட்டியின் அல்பிரசோலத்தோடு டயஸிபாம், நைட்ரஸிபாம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளும் உண்டு. எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் குறித்து மூன்றாண்டு காக்க வேண்டும். தடயம் விட்டுவைக்கும் விதி என்பது அதன் மெய்யான சிறப்பு. ஆனால் தொடக்கப் பட்டியலில் அதே வகையைச் சேர்ந்த குளோனஸிபாம் இல்லை. இந்த விடுபாட்டுக்கு ஏற்கத்தக்க தர்க்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெரிய குறை நோக்கத்தில் இருக்கிறது. கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதையும் போதைப் பழக்கத்தையும் மனத்தில் வைத்து எழுதிய விதி இது. மாத்திரை தரும் தள்ளாட்டத்தில் விழுந்து முறியும் முதியவரின் இடுப்பெலும்பு அதன் கண்ணில் படவே இல்லை.

விற்பனையை நெருக்கினால் விழுவது குறையுமா? நியூயார்க் மாநிலம் 1989-இல் அல்பிரசோலம், டயஸிபாம் வகை மருந்துகளுக்கு மூன்று படிகளில் எழுதும் மருந்துச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அரசு மருத்துவ உதவி பெற்ற முதியோரிடையே பயன்பாடு பாதிக்கு மேல் சரிந்தது. இடுப்பெலும்பு முறிவு குறையவில்லை. இதை அளந்து 2007-இல் வந்த ஆய்வு, விதி மாறாத நியூஜெர்சியை ஒப்பீட்டுக்கு வைத்தது; முறையியலில் அது அதன் பலம். எனினும் மருந்தை விட்டவர் இரவில் எதை விழுங்கினார் என்பதை மாநிலக் கணக்கு காட்டாது. ஆகவே மாத்திரை நிரபராதி என்று இதிலிருந்து தீர்ப்பெழுதுவது அவசரம்.

நியூசிலாந்தின் 1999 சோதனை எதிர்ப்பக்கம் நிற்கிறது. மாத்திரையை 14 வாரத்தில் படிப்படியாகக் குறைத்தவர்களிடம் விழுதல் 66 விழுக்காடு குறைந்தது. ஆனால் கலந்துகொண்டவர் 93 பேரே. முடிந்த ஒரே மாதத்தில், நிறுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மறுபடி தொடங்கினர். கனடாவின் கியூபெக்கில் நோயாளி கையிலேயே விளக்கக் கையேடு கொடுத்தபோது 27 விழுக்காட்டினர் மாத்திரையை விட்டனர், கொடுக்காத இடத்தில் 5. அது அளந்தது நிறுத்தலை, விழுதலை அல்ல.

என் முடிவு: எச்1 வேண்டிய விதி, முதியோர் விழுதலுக்கு மருந்தாக அதைக் காட்டினால் தேறாது. மெல்லக் குறைப்பதற்கு ஒரு கை வேண்டும். சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். 2021 ஆகஸ்ட் முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுப்படி ஏறுகிறது. அந்தக் கை அங்கே இருக்கிறது. சுருக்குப்பையைக் கொட்டிப் பார்க்கலாம்; இரவில் எத்தனை தடவை எழுகிறார், கொல்லைப்புறக் கழிப்பறைக்கு வெளிச்சம் உண்டா என்று கேட்கலாம்.

பாட்டிக்கு நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தார் கடைக்காரர். பதிவேட்டைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் விதி கேட்கும் விவரங்களில் வயது கிடையாது.