கூழின் பதம்

பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் "கை கால் அசையுதா?" என்று கேட்பார்கள். "தண்ணி இறங்குதா?" என்று கேட்பவர் அரிது. முதல் சில நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிய தண்ணீரோ சோறோ நிமோனியாவாகி ஆளையே கொண்டுபோய்விடக்கூடும். அந்தச் சில வாரங்களைப் பத்திரமாகக் கடக்க வைப்பதுதான் விழுங்கல் சிகிச்சை. அதன் நிறைகுறையைத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதல் நிறை, வாயில் எதையும் வைக்கும் முன் செய்யும் சோதனை. நிமிர்ந்து உட்காரவைத்து ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்ப்பது. பயிற்சி பெற்ற செவிலியர் போதும். ஆஸ்திரேலியாவில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் மூன்றையும் செவிலியர்கள் முறைப்படி கவனித்த பக்கவாதப் பிரிவுகளில், 90 நாளுக்குள் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்ந்தவர்களும் சேர்ந்து 42 சதவீதம். மற்றப் பிரிவுகளில் 58 சதவீதம். 2011இல் வெளியான முடிவு இது. மூன்றில் விழுங்கலின் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. சோதனையிலும் ஓர் ஓட்டை உண்டு: தொண்டை மரத்தவருக்குப் புரையேறினாலும் இருமல் வராது. அதைக் கண்டுபிடிக்க வீடியோ எக்ஸ்ரேயோ, மூக்கு வழியே விடும் கேமராவோ வேண்டும்.

அடுத்தது பயிற்சி. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது, முழு பலத்தோடு அழுத்தி விழுங்குவது போன்றவை. 306 பேரை வைத்து 2006இல் வெளிவந்த ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவர்களில் ஆறு மாதத்தில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியவர்கள் கூடுதல். ஆனால் 2018இல் காக்ரேன் தொகுப்பாய்வு, விழுங்குதல் மேம்படலாம், நெஞ்சுத் தொற்று குறையலாம் என்றதே தவிர, உயிரிழப்பு குறைந்ததாகச் சொல்லவில்லை. ஆதாரங்களின் தரமும் தாழ்வு என்றது. போதாததற்கு, சொன்னதைப் புரிந்து செய்யக்கூடியவருக்கே பெரும்பாலான பயிற்சிகள் உதவும்.

மூன்றாவது, திரவத்தைக் கெட்டியாக்குவது. மெதுவாக இறங்குவதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும். ஆனால் பிடிக்காமல் குடிப்பது குறைந்து உடம்பில் நீர் வற்றும். தொண்டையில் மிச்சமும் தங்கும். எனக்கு அதிகம் சந்தேகம் இதில்தான். ஆனாலும் நம் அடுப்படிக்கு மிக அருகில் இருப்பதும் இதுவே. கேப்பைக் கூழுக்குப் பதம் பார்க்கத் தெரியாத வீடு இங்கே இல்லை. எந்தப் பதம் என்று சிகிச்சையாளர் சொல்லிவிட்டால், பத்து மில்லி சிரிஞ்சில் அளந்துவிடலாம். தண்டை உருவிவிட்டு, அடியை விரலால் பொத்தி, கட்டியில்லாத கூழைப் பத்து வரை ஊற்றி, விரலை எடுக்க வேண்டும். பத்து விநாடிக்குப் பிறகு நான்கிலிருந்து எட்டு மில்லி மிஞ்சினால் அது லேசான கெட்டி. ஆறினால் இறுகும், எச்சில் பட்ட கரண்டியைத் திரும்ப விட்டால் நீர்த்துவிடும். காலையில் அளந்த பதம் மதியம் இருக்காது. நோயாளிக்கு லேசானது என்று நாம் ஊட்டும் ரசஞ்சோறுதான் ஆபத்து: பருக்கை வாயில் நிற்க, ரசம் முந்திக்கொண்டு ஓடும்.

இந்தப் பாடத்தை யாருக்குச் சொல்கிறோம் என்பதே இங்குள்ள பெரிய குறை. கம்பத்திலிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். தினமும் போய்வர ஒரு ஆளின் கூலி போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம், ரத்த அழுத்த மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. கைகாலைத் தேடி வருகிறவர்கள் ஊட்டும் முறையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் பாதி வேலை முடியும்.

மருத்துவமனையில் நோயாளியின் மகளிடம் எல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் விடியுமுன் ஏலத்தோட்டத்து ஜீப்பில் மலையேறிவிடுகிறார். மத்தியானம் ஊட்டுவது பக்கத்து வீட்டு அத்தை. "நிமித்தி உக்கார வையுங்க, சின்னக் கரண்டியா குடுங்க, முழுங்கினத பாத்துட்டு அடுத்த வாய் குடுங்க" என்று அந்த அத்தையிடம் யாரும் சொல்லவில்லை.