வேர்ட்ஸ்வொர்த் பாடாத இரண்டாம் பயணம்

கடலில் உயிர் காத்தோர் வரலாற்றைக் கற்பவர் எவரும் கிரேசு டார்லிங் என்னும் பெயரைக் கடந்து செல்ல இயலாது. 26 வயதில், 1842ஆம் ஆண்டு மறைந்த அந்நங்கையைப் பற்றி, ஆங்கிலப் பெருங்கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் மறு ஆண்டிலேயே ஒரு பாட்டு இயற்றினார். பாட்டு நயமுடையதே. எனினும், நடந்ததை அது நேரே காட்டுகின்றதா என்பது ஆராயத்தக்கது.

1838 செப்டம்பர் 7ஆம் நாள் விடியுமுன், ஹல் துறையினின்று டண்டீ நோக்கிச் சென்ற 'பார்பர்சயர்' என்னும் நீராவிக் கப்பல், வட இங்கிலாந்தின் பார்ன் தீவுகளில் பாறை மோதிப் பிளந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காவலர் வில்லியம் டார்லிங்கும், அவர் மகள் கிரேசும் சிறு படகில் துடுப்பு வலித்துச் சென்றனர். பாறையில் உயிரோடிருந்தவர் ஒன்பதின்மர். படகில் அனைவர்க்கும் இடமில்லை. ஆடவர் நால்வரையும் பெண் ஒருவரையும் முதலில் கலங்கரை விளக்கத்திற்குக் கொணர்ந்தனர். கிரேசு அங்கே தங்கி மீண்டவரைப் பேணினார். மீட்கப்பட்ட மாலுமிகள் இருவர் துடுப்பேந்தித் தந்தையுடன் திரும்பச் சென்று, எஞ்சிய நால்வரையும் கொணர்ந்தனர்.

கவிஞரோ இவ்விரு பயணங்களையும் ஒன்றாக்கிவிட்டார். அவர் பாட்டில் எல்லாரும் ஒரே முறையில் படகேறிவிடுகின்றனர். பாட்டின் ஓட்டத்திற்கு இச்சுருக்கம் துணை செய்யலாம், பொருளுக்கோ பேரிழப்பு. சாவின் வாயினின்று சற்றுமுன் தப்பியவர், தோழரைக் காக்க அதே கடலுக்கு மீண்டனரே! நிகழ்ச்சியின் உச்சம் அதுவன்றோ? அன்னை படகைத் தள்ளிவிட உதவியதைக் கவிஞர் மறவாதது பாராட்டுக்குரியது. ஆயின், விண்ணினின்று வந்த காவல் தெய்வமோ என ஐயுறும்படி கிரேசை உயர்த்தும்போது, மற்றையோர் மறைந்துபோகின்றனர். வட சண்டர்லாந்திலிருந்து அதே புயலில் படகு வலித்துச் சென்ற எழுவர்க்கும் பாட்டில் இடமில்லை. அவருள் ஒருவர் கிரேசின் உடன்பிறந்த தம்பி.

1824ஆம் ஆண்டில் வில்லியம் ஹில்லரியின் முயற்சியால் லண்டனில் தோன்றிய உயிர்காப்புச் சங்கம், தந்தை மகள் இருவர்க்கும் வெள்ளிப் பதக்கம் வழங்கியது. இதில் கவிஞரினும் சங்கமே நடுநிலை காத்தது எனலாம். அச்சங்கத்தின் படகுகளில் இன்றும் பெரும்பாலும் தொண்டர்களே செல்கின்றனர். 'டைட்டானிக்' மூழ்கிய பின் எழுந்த 1914ஆம் ஆண்டு உடன்படிக்கையும், 1979இல் ஹாம்பர்க் நகரில் நிறைவேறிய தேடல் மீட்பு உடன்படிக்கையும் வற்புறுத்துவது யாது? கடலில் தவிப்பவரைக் காப்பது, அரியவர் ஒருவரின் வீரச்செயல் மட்டுமன்று. உதவக்கூடிய எல்லார்க்கும் உரிய கடமை என்பதே.

அக்கடமையை அன்றே செய்து காட்டியவர் துடுப்பேந்திய அவ்விரு மாலுமிகள். பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், பாட்டில் இல்லாத இரண்டாம் பயணத்தையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். கிரேசின் புகழ் அதனால் குறையாது. அவர் மீட்டவை வெறும் உயிர்கள் அல்ல, பிறரை மீட்கவல்ல உயிர்கள் என்பது விளங்கும்.