நாற்றுக்கு டியூப்லைட் போதும்

ஐப்பசி அடைமழையில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மாடித்தோட்டத்துக்கு மிளகாய், தக்காளி நாற்று விடுகிறவர்களுக்கு இரண்டு தொல்லை. தட்டை வெளியில் வைத்தால் மழை அடித்து விதை குழியை விட்டே தெறித்துவிடும். உள்ளே தூக்கி வைத்தால் நாற்று ஜன்னல் பக்கம் சாய்ந்து, நூல் மாதிரி நீண்டு, மூன்றாம் இலைக்கு முன்னாலேயே படுத்துவிடும். இந்த இரண்டாவது தொல்லைக்கு மருந்தாகத்தான் இணையக் கடைகளில் 'குரோ லைட்' விற்கிறார்கள். ஊதா நிறத்தில் எரியும் பேனல் ஒன்றையும், எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 20 வாட் எல்இடி டியூப்லைட் இரண்டையும் அருகருகே மாட்டினேன். கீழே ஒரே விதை, ஒரே தென்னை நார்க்கழிவு நிரப்பிய 98 குழித் தட்டுகள்.

பேனலின் அட்டையில் 1000 வாட் என்று கொட்டை எழுத்து. இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு அது. பவர் மீட்டரில் செருகிப் பார்த்தால் நூறைக்கூடத் தொடவில்லை. இந்த வகைச் சரக்கில் அட்டையில் இருக்கும் வாட்டை நம்பி விலை கொடுக்கக் கூடாது; உண்மையில் இழுக்கும் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஊதா நிறத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும், பச்சை ஒளி வீண் என்பது கணக்கு. ஆனால் 1972-லேயே கீத் மெக்ரீ என்ற ஆராய்ச்சியாளர் பல பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிற ஒளியிலும் அளந்து, பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை கணிசமாக நடப்பதைக் காட்டிவிட்டார். வெள்ளை எல்இடி என்பதே நீல எல்இடி மேல் பாஸ்பர் பூசியதுதான். 6500 கெல்வின் 'கூல் டேலைட்' டியூபில் நீலம் தாராளமாக இருப்பதால் நாற்று நெட்டையாகாமல் குட்டையாக, தடித்து நிற்கிறது. என் தட்டுகளில் இரண்டு விளக்குக்கும் வளர்ச்சியில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் கண்ணுக்குத்தான். ஊதா ஒளியில் இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சளிப்பு வந்ததா, வெள்ளை ஈ ஒட்டியிருக்கிறதா, தண்டின் அடியில் நீர்கோத்து நாற்றழுகல் ஆரம்பித்துவிட்டதா, எதுவும் பிடிபடாது. தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் பேனலை அணைத்துவிட்டு டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. (தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தது தனிக் கதை.)

விளக்கைவிட முக்கியம், அதை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுகிறோம் என்பது. மொபைல் லக்ஸ் ஆப்பில் இரண்டு டியூபுக்கும் அரை அடி கீழே பத்தாயிரம் லக்ஸை ஒட்டிக் காட்டியது. இரண்டடி இறக்கினால் கால்வாசிதான். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்பதோடு ஒப்பிட்டால் பத்தாயிரம் அற்பம். ஆனால் நாளுக்கு 16 மணி நேரம் எரியவிட்டால் நாற்றுக்குப் போதும். காய்க்க வைக்கப் போதாது. சுவரில் மாட்டிய டியூப்லைட்டுக்குக் கீழே தரையில் தட்டை வைத்துவிட்டு 'வெளிச்சம் கொடுத்தேனே' என்பதில் அர்த்தமில்லை. சங்கிலியில் தொங்கவிட்டு, நாற்று உயர உயர ஏற்ற வேண்டும். நாலடி டியூபுக்குக் கீழே இரண்டு தட்டு நீளவாக்கில் கச்சிதமாக அடங்கும். லக்ஸ் நம் கண்ணுக்கான அளவு என்பதால் ஊதா பேனலுக்கு அந்த ஆப் உதவாது.

விதை முளைக்க வெளிச்சம் வேண்டாம். தட்டுகளை அடுக்கி பாலித்தீன் தாளால் மூடினால் போதும். முளை தலைகாட்டிய அன்றே விளக்கைப் போட வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் நீண்டுவிடும். இரவு முழுக்க எரியவிடவும் கூடாது. இருட்டே இல்லாவிட்டால் தக்காளி, கத்தரி இலைகள் வெளுத்துவிடும். மெக்கானிக்கல் டைமர் வாங்கினால், பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் அதன் கடிகாரமும் நின்றுவிடும். மாலையில் திருத்தி வையுங்கள். இரண்டு டியூபும் இந்தக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 38 யூனிட் இழுக்கும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயாகவே ஊன்றுவார்கள். கோ 5 போல விதை போட்டு நாற்று விடும் ரகமும் இருக்கிறது. அதற்கு 16 மணி நேர வெளிச்சம் ஆகாது. நம் வெங்காயம் குறும்பகல் ரகம், அதாவது குறைந்த பகல் நீளமே காய் திரளப் போதும். பகல் நீண்டால், நாற்றாக இருக்கும்போதே அடியில் காய் திரள ஆரம்பித்துவிடும். டைமரைப் பத்து மணி நேரத்துக்குக் குறைத்து வையுங்கள்.

ஏக்கர் கணக்கில் நடுகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. நிழல்வலைக் குடிலும் சும்மா கிடைக்கும் சூரியனும் போதும். மாடிக்கு நாற்று விடுகிறவர் பேனலுக்குக் கொடுக்கும் பணத்தில் டியூப்லைட், சங்கிலி, டைமர், ஒரு சின்ன மேஜை ஃபேன் எல்லாம் வாங்கிவிடலாம். காற்று பட்டால் தண்டு உறுதியாகும், நாற்றழுகலும் குறையும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தட்டைக் காலை வெயிலில் முதலில் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போங்கள். விளக்கடியில் வளர்ந்த இலையை நேரே மத்தியான வெயிலில் வைத்தால் அன்று மாலைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கருகிவிடும்.