777 என்னும் சர்வரோக நிவாரணி

லினக்ஸ் சர்வரில் ஒரு இணையதளத்தை ஏற்றியவர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு சொற்கள் பழக்கம்: பெர்மிஷன் டினைட். உடனே தேடுவோம். முதல் பக்கத்திலேயே யாராவது ஒருவர் "சிஹெச்மாட் மைனஸ் ஆர் 777 குடுங்க, சரியாயிடும்" என்று சொல்லியிருப்பார். கொடுத்தால் பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். சிக்கலே அங்கேதான். பலிக்காத மருந்தை யாரும் அடுத்தவருக்குச் சொல்ல மாட்டார்கள். இது பலிக்கிறது, அதனால்தான் இத்தனை வருஷமாக உயிரோடு இருக்கிறது.

"777 கூடவே கூடாது" என்று எச்சரிக்கும் கட்டுரைகளும் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை அடுத்த பத்தியிலேயே வேறு இரண்டு எண்களைக் கொடுத்து அனுப்பிவிடும்: ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644. கூடவே எல்லாவற்றையும் வெப் சர்வர் பயனரின் பெயருக்கு மாற்றச் சொல்லும் ஒரு சிஹெச்ஓன் ஆணை. நான் குறை சொல்ல வருவது இந்தச் "சரியான" விடையையும் சேர்த்துத்தான். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போகின்றன: இந்தக் கோப்பைத் திறக்க முயல்வது யார்?

முதலில் 777-க்கு ஒரு நியாயம் செய்துவிடலாம். அது வெறும் சோம்பேறித்தனத்தில் பிறந்தது அல்ல. 2000-களின் ஷேர்டு ஹோஸ்டிங்கை நினைத்துப் பாருங்கள். எஃப்டிபி வழியாக நீங்கள் ஏற்றிய கோப்பு உங்கள் பயனர் பெயரில் இருக்கும். பிஹெச்பி நிரலோ அப்பாச்சிக்குள்ளேயே ஓடும். அப்பாச்சி ஓடுவது 'நோபடி' மாதிரி ஒரு பொதுப் பயனராக. உங்களுக்கும் அந்த நோபடிக்கும் பொதுவான குழு கிடையாது. ரூட் அதிகாரமும் உங்களிடம் இல்லை. அப்புறம் தளத்துக்குள் ஒரு படத்தை எப்படி ஏற்றுவது? 'மற்றவர்கள்' என்ற மூன்றாவது இலக்கத்தைத் திறந்துவிடுவதுதான் மிச்சமிருந்த வழி. விலை என்னவென்றால், அதே சர்வரில் இருக்கும் பக்கத்து வாடிக்கையாளரின் நிரலும் அதே நோபடியாகத்தான் ஓடும். உங்கள் கதவு அவருக்கும் திறந்தே கிடக்கும். பிஹெச்பியின் 'சேஃப் மோட்' இந்த ஓட்டையை மொழியின் மட்டத்தில் அடைக்கப் பார்த்தது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்ய வேண்டிய வேலை அது. 2009-ல் 5.3 பதிப்பில் காலாவதி என்று அறிவித்து, 2012-ல் 5.4 பதிப்பில் எடுத்தே விட்டார்கள்.

இன்று மாதம் சில நூறு ரூபாய்க்கு ரூட் அதிகாரத்தோடு தனி விபிஎஸ் கிடைக்கிறது. பிஹெச்பி-எஃப்பிஎம் வந்த பிறகு ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பயனராக ஓட்டலாம். அந்த நெருக்கடி போய்விட்டது. ஆலோசனை மட்டும் போகவில்லை.

எண்களைச் சொல்லிக்கொடுப்பதில் உள்ள கோளாறு இதுதான்: எண் கோப்பின் மீது ஒட்டியிருக்கிறது, ஆனால் அனுமதி என்பது கோப்புக்கும் ஒரு பிராசஸுக்கும் இடையிலான உறவு. யூனிக்ஸின் 1971-ஆம் வருடத்து முதல் பதிப்பில் உரிமையாளர், மற்றவர் என்று இரண்டே தரப்புதான்; குழு பின்னால் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் கெர்னல் கேட்பது எளிய கேள்விகள். வந்தவர் உரிமையாளரா? இல்லையென்றால் குழுவில் ஒருவரா? அதுவும் இல்லையென்றால் மற்றவர். எதில் முதலில் பொருந்துகிறாரோ அந்த இலக்கத்தை மட்டும் பார்க்கும், அடுத்ததைப் புரட்டாது. உரிமையாளருக்கு எதுவும் தராமல் மற்றவர்களுக்கு மட்டும் அனுமதி தந்தால், சொந்தக்காரர் வெளியே நிற்பார், ஊரார் உள்ளே போவார்கள். சோதித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

'யார்' என்று கேட்காததால் வரும் கூத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் லாரவெல் தளங்களில் நடப்பது. நேற்று வரை நன்றாக ஓடிய தளம் இன்று காலை லாக் எழுத முடியவில்லை என்று விழுந்துவிடும். காரணம், யாரோ ஒரு ஆர்ட்டிசன் ஆணையை ரூட்டின் கிரானில் போட்டிருப்பார்கள். தினம் ஒரு லாக் கோப்பு என்று அமைத்திருந்தால், நள்ளிரவு தாண்டி முதலில் எழுதுபவர்தான் அந்தக் கோப்புக்குச் சொந்தக்காரர். அன்றைக்கு ரூட் முந்திக்கொண்டது. கோப்பு ரூட் பெயரில் 644-ஆகப் பிறந்துவிட்டது. இப்போது 777 கொடுத்தால் சரியாகும், நாளை நள்ளிரவு வரை. அடுத்த நாள் மறுபடியும் அதே கதை. கடைசியில் தினமும் 777 கொடுக்கும் ஒரு கிரானை எழுதி வைப்பார்கள்! அந்த கிரான் வரியை ரூட்டிலிருந்து எடுத்து வெப் பயனரின் பெயரில் போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

இன்னொன்று, ஃபோல்டரின் எக்ஸ் அனுமதி. கோப்பில் அதற்கு 'ஓட்டலாம்' என்று பொருள், ஃபோல்டரில் 'கடந்து போகலாம்' என்று பொருள். பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் அது இருக்க வேண்டும். எல்எஸ் ஆணை கடைசிப் படியை மட்டும்தான் காட்டும். உபுண்டு 21.04-லிருந்து புதிய பயனர்களின் ஹோம் ஃபோல்டர் 755-க்குப் பதிலாக 750 ஆகிவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஹோமுக்குள் தளத்தை வைத்தவர்களுக்கு 403 வந்தது. தளத்தின் ஃபோல்டருக்கு எத்தனை முறை 777 கொடுத்தாலும் அது போகாது, ஏனென்றால் பூட்டு மூன்று படி மேலே இருக்கிறது. நேம்ஐ மைனஸ் எல் என்ற ஆணை பாதை முழுவதையும் படிப்படியாகப் பிரித்து உரிமையாளரோடும் அனுமதியோடும் காட்டும். பெரும்பாலான விநியோகங்களில் முன்பே இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்கும் கட்டுரைகள் ஏனோ குறைவு.

இங்கே அப்பாச்சியைப் பாராட்ட வேண்டும். இந்த நிலையில் அதன் எரர் லாக், பாதையின் ஒரு பகுதியில் கடந்து போகும் அனுமதி இல்லை என்று தெளிவாகவே எழுதும். என்ஜின்எக்ஸ் 13 என்ற எண்ணையும் பெர்மிஷன் டினைட் என்பதையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். என்ஜின்எக்ஸை மட்டும் திட்டிப் பயனில்லை. கெர்னல் அதற்குக் கொடுப்பதே அந்த ஒரு எண்தான். சாதாரண அனுமதி தடுத்தாலும் 13, எஸ்இலினக்ஸ் தடுத்தாலும் 13. எந்தப் படியில், எந்த விதியால் என்பதற்கு அதில் இடமே இல்லை. ஐம்பது வருடப் பழைய இந்தச் சிக்கனத்துக்கு 777 கலாசாரத்தில் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தினால், ஆள் கதவையே கழற்றத்தான் பார்ப்பான். ரெட் ஹாட் வகை சர்வர்களில் ஹோமிலிருந்து எம்வி மூலம் நகர்த்திய கோப்பு பழைய எஸ்இலினக்ஸ் லேபிளையே சுமந்துகொண்டு வரும். ரீஸ்டோர்கான் ஓட்டினால் தீர்ந்தது. ஆடிட் லாக்கில் விடையும் எழுதியிருக்கும். ஆனால் ஊர் சொல்லும் ஆலோசனை எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்பது. 777-க்கு ஒன்றுவிட்ட தம்பி.

இப்போது அந்தச் "சரியான" விடைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சிறு குழு பழைய இதழ்களை ஸ்கேன் செய்து வேர்ட்பிரஸ் தளத்தில் ஏற்றி வந்தது. சம்பளம் இல்லாத வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது. ஒரு நாள் தேடுபொறியில் அவர்கள் தளத்தின் பெயரில் மாத்திரை விற்கும் பக்கங்கள் வர ஆரம்பித்தன. உள்ளே பார்த்தால் எங்கும் 777 இல்லை. 755, 644, எல்லாமே வெப் சர்வர் பயனரின் பெயரில், கட்டுரை சொன்னபடியே. அதுதான் வினை. பழைய பிளகின் ஒன்றின் ஓட்டை வழியாக வந்த நிரல் வெப் பயனராக ஓடியது. தளத்தின் அத்தனை பிஹெச்பி கோப்புகளுக்கும் அந்தப் பயனரே சொந்தக்காரர். நூற்றுக்கணக்கான கோப்புகளில் முதல் வரியாக ஒரே குப்பை. மூன்று வாரம் தளம் மூடிக் கிடந்தது. வெளியிலிருந்து வரும் இந்த வகைத் தாக்குதலைப் பொறுத்தவரை, தனியாள் சர்வரில் 777-க்கும் இந்த 755-க்கும் வித்தியாசம் பூஜ்யம். இப்படிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் எழுத வருபவரே உரிமையாளர் என்றால், மற்றவர்களைத் தடுத்து என்ன லாபம்?

வேர்ட்பிரஸின் பங்கும் இதில் உண்டு. 2013-ல் 3.7 பதிப்பிலிருந்து அது தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்கிறது. அதற்கு நிரல் கோப்புகளின் உரிமை வேண்டும். ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, அதன் உரிமையாளரும் தன் நிரலின் உரிமையாளரும் ஒருவரா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லையென்றால் எஃப்டிபி கடவுச்சொல் கேட்கும். 777 கொடுத்த பிறகும் "ஏன் எஃப்டிபி கேக்குது?" என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான். ஆக, தானாக அப்டேட் ஆகும் வசதியும், தன் நிரலைத் தானே திருத்த முடியாத பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சர்வர் பக்கமே வராத ஒரு தன்னார்வலர் குழு என்றால், அப்டேட் வசதியை விட்டுவிடாதீர்கள் என்றே சொல்வேன். ஓட்டையுள்ள பழைய பதிப்பைப் பூட்டி வைத்தாலும் டேட்டாபேஸ் கசியத்தான் செய்யும்.

டெர்மினலைத் திறக்கத் தயங்காதவர் ஒருவர் இருந்தால் இரண்டையும் பெறலாம். நிரல் கோப்புகள் தனி டிப்ளாய் பயனரின் பெயரில், வெப் சர்வரின் குழுவில்: ஃபோல்டர் 750, கோப்பு 640. வெப் பயனர் படிக்கலாம், எழுத முடியாது. எழுத வேண்டியது அப்லோட்ஸ் ஃபோல்டரில் மட்டும், அங்கே பிஹெச்பி ஓடாதபடி சர்வர் அமைப்பிலேயே தடுத்துவிட வேண்டும். லாரவெல் என்றால் ஸ்டோரேஜ், பூட்ஸ்ட்ராப்புக்குள் இருக்கும் கேஷ், அவ்வளவுதான். அப்டேட்டை டபிள்யூபி-சிஎல்ஐ வழியாக டிப்ளாய் பயனரின் கிரானில் போடலாம். இரண்டு பயனர்கள் ஒரே ஃபோல்டரில் எழுதியாக வேண்டுமென்றால் செட்எஃப்ஏசிஎல் மூலம் டீஃபால்ட் அனுமதி கொடுத்தால், நாளை பிறக்கும் கோப்பும் அதையே வாங்கிக்கொண்டு பிறக்கும். லாரவெல் லாக் கதை அங்கே நடக்காது.

ஒரு கடைசிக் குறை, சிஹெச்மாட் ஆணையின் மீதே. குனு ஆர்எம் ஆணை ரூட் ஃபோல்டரை மொத்தமாக அழிக்கச் சொன்னால் மறுக்கும். அந்தக் காவல் இயல்பாகவே போட்டிருக்கிறது. சிஹெச்மாடிலும் அதே காவல் இருக்கிறது, ஆனால் நாம் கேட்டால்தான் போடும். பாதையில் ஒரு இடைவெளி தவறி விழுந்து 777 முழு சர்வருக்கும் போனால், சூடோவின் செட்யுஐடி பிட் போய்விடும், சூடோ ஓட மறுக்கும். எஸ்எஸ்ஹெச் சர்வரும் சாவிக் கோப்புகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன என்று சொல்லி உள்ளே விடாது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் இருக்கும் அந்த சர்வருக்குள், அதன் சொந்தக்காரர் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கன்சோல் வழியாகத்தான் நுழைய முடியும்.